கம்பார் கல்லில் கடல் நத்தை எப்படி வந்தது?

சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார். லோரி ஓட்டும் அவருடைய மாமா, கம்பார் பக்கம் கைவிடப்பட்ட ஈயலம்பத்துக் (வெள்ளீயச் சுரங்கத்துக்) குட்டை ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறக் கல்லைக் கொண்டுவந்தாராம். அதில் நத்தை போல ஒரு சுருள். பாட்டி அதைச் சாளக்கிராமம் என்று சாமி மேடையில் வைத்துவிட்டார். மாமாவோ, உலகத்தையே மூடிய ஆதி வெள்ளத்தில் வந்தது என்கிறார். மலைகளுக்கு நடுவில் கடல் நத்தை எப்படி? இந்த மாதிரிக் கல்லை வைத்து, உயிர்கள் காலப்போக்கில் மாறின என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்தக் கல்லை என்ன செய்வது? கூடவே ஒரு படமும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். பிறகு நிலவியல் படித்து, கின்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் பல வருடம் வேலை பார்த்தேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த அளவில் அது நத்தைப் புதைபடிவம்தான், அதாவது கல்லில் பதிந்து இறுகிய பழைய நத்தையின் மிச்சம். 'சிப்புட்' என்றால் மலாயில் நத்தை. ஊர்ப் பெயருக்கேற்ற கல்தான் கிடைத்திருக்கிறது!

முதலில் பாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். சாளக்கிராமம் என்று நம் வீடுகளில் வைத்துக் கும்பிடும் கறுப்புக் கல்லும் புதைபடிவம்தான். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கற்களுக்குள் இருப்பது அம்மோனைட் என்ற கடல் உயிரி. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தம். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் அடிச்சேற்றில் புதைந்தது. பாட்டி சுருளைப் பார்த்ததும் சாளக்கிராமத்தை நினைத்தது நியாயமான கண்தான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. அம்மோனைட்டின் கூட்டை நெடுக்காக அறுத்தால் லயத்து வீடுகள் மாதிரி வரிசையாகத் தடுப்புச் சுவர் போட்ட சின்னச் சின்ன அறைகள் தெரியும். நத்தைக் கூட்டில் பொதுவாக அப்படி வரிசைத் தடுப்புகள் இருக்காது. வாயிலிருந்து நுனி வரை ஒரே குழாய். அதோடு நத்தைச் சுருள் பெரும்பாலும் ஒரு பக்கம் கூம்பாக எழும்பும். உங்கள் கல்லில் அது எழும்புகிறது. அறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை, பாட்டி என்னைத் திட்டுவார்.

சரி, கடல் எங்கே இருந்து வந்தது? கடல் வரவில்லை. அந்த இடமே கடலாக இருந்தது. ஈப்போவைச் சுற்றி நெட்டுக்குத்தாக நிற்கும் வெள்ளை மலைகள், கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் செரோ உட்பட, எல்லாம் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில், பவளம், சிப்பி, கடல் பாசி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் இவற்றின் ஓடுகள் சேர்ந்து சேர்ந்து இறுகி உண்டாவது. ஆக, அந்த மலையில் கடல் உயிரி இருக்கிறது என்பதைவிட, அந்த மலையே கடல் உயிரிகளின் மிச்சம் என்று சொல்வதுதான் பொருத்தம்.

அப்படியானால் குவாரியில் உடைக்கும் ஒவ்வொரு கல்லிலும் நத்தை இருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சுத்தியலோடு அலைந்து ஏமாந்தேன். ஏறக்குறைய 20 முதல் 23 கோடி ஆண்டுகளுக்கு முன், தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் உருகிய குழம்பாகக் கீழேயிருந்து மேலே ஏறியது. அந்தச் சூட்டில் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்காக மாறிவிட்டது. வெல்லக் கட்டியைக் காய்ச்சிப் பாகாக்கினால் கட்டியின் வடிவம் எங்கே இருக்கும்? ஓடுகளின் கதியும் அதுதான். கின்தாவின் பெரும்பாலான மலைகளில் படிவங்கள் இப்படித்தான் அழிந்தன. அதே கருங்கல்தான் ஈயத்தையும் கொண்டுவந்தது. மலை தேயத் தேய ஈய மணல் பள்ளத்தாக்குக்கு இறங்கி, சுண்ணாம்புக்கல் தரையின் குழிகளில் தங்கியது. நூறு வருடத்துக்கு மேல் சீனர்களும், நம் ஆட்களும், மலாய்க்காரர்களும் அந்த மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து எடுத்தார்கள். மண் போன பிறகு அடியில் இருந்த கல் வெளியே தெரிந்தது. கம்பார் பக்கம் சில இடங்களில் அந்தக் கல் அதிகம் வேகாமல் தப்பியிருந்தது.

அங்கே கிடைத்தவை சாதாரணமானவை அல்ல. நத்தைகள், சிப்பிகள், அம்மோனைட் வகைகள், பவளங்கள், அப்புறம் ஃபியூசுலினிட். இந்தக் கடைசி ஒன்று ஒற்றைச் செல் உயிரி, ஆனால் நெல்மணி அளவும் வடிவமும் கொண்ட ஓடு. கல்லில் யாரோ அரிசியைச் சிந்தியது போல இருக்கும். 1968ல் கம்பாருக்கு மேற்கே உள்ள அடுக்குகளை வரிசைப்படுத்தி எழுதியவர் டி. சுந்தரலிங்கம் என்ற நிலவியலாளர். அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்கள் எனக்குப் பிடித்தவை: நாம் லூங், கிம் லூங், எச்.எஸ். லீ. எல்லாம் அந்த இடத்து லம்பங்களின் பெயர்கள். கோடிக்கணக்கான வருடத்துக் கடலடிக்கு ஒரு தவுக்கேயின் (முதலாளியின்) லம்பத்துப் பெயர். உங்கள் மாமாவின் கல் எச்.எஸ். லீ அடுக்கைச் சேர்ந்ததாக இருந்தால், அது பெர்மியன் காலம். அதாவது இன்றைக்கு 29.9 கோடி முதல் 25.2 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்டது.

இனி மாமாவின் வெள்ளம். இதற்கு நம் தோட்டத்துக் குப்பைக் குழியே பதில் சொல்லும். எங்கள் லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் குழாய் போடத் தோண்டியபோது நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பிளாஸ்டிக் பை, மீ (நூடுல்ஸ்) பாக்கெட். அதற்குக் கீழே செம்பனைக்குப் போடும் உரச் சாக்கு. இன்னும் கீழே போனால் சாக்கு இல்லை, பால் மரத்தில் கட்டும் மங்கு உடைந்து கிடக்கிறது. அதற்கும் அடியில் மங்குகூட இல்லை, காட்டை எரித்த கரி மட்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதை யாரும் எழுதாமலே அந்தக் குழியில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தோண்டினாலும் இதே வரிசைதான் வரும். மங்குக்கு அடியில் மீ பாக்கெட் வராது.

இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் இடங்களை அளந்து திரிந்த வில்லியம் ஸ்மித் என்ற சர்வேயர் கண்டுகொண்டது இதைத்தான். ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் அதற்கே உரிய படிவங்கள் உண்டு, ஊர் மாறினாலும் வரிசை மாறாது. அதை வைத்து 1815ல் நாடு முழுவதற்கும் நிலவியல் வரைபடம் போட்டார். ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தால் மங்கும் மீ பாக்கெட்டும் கலந்துதானே கிடக்க வேண்டும்? கம்பார் கல்லில் ஒரே ஒரு எலிப் பல் கிடைத்தாலும் போதும், பாடப்புத்தகங்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். உலகம் முழுக்க அந்தக் காலத்து அடுக்குகளை எத்தனையோ பேர் உடைத்துப் பார்த்தாகிவிட்டது. எலி இல்லை, குருவி இல்லை, பூ பூக்கும் செடி ஒன்றும் இல்லை. மாமாவிடம் இதைச் சொல்லும்போது பதமாகச் சொல்லுங்கள். மலை உச்சியில் சிப்பியைப் பார்த்தால் வெள்ளத்தை நினைப்பது மனித இயல்பு. பெரிய பெரிய அறிஞர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

வரிசை சரி, வருடக் கணக்கு எப்படி? எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் சிர்க்கோன் என்ற சின்னப் படிகங்கள் இருக்கும். அவற்றுக்குள் சிக்கிய யுரேனியம் ஒரே சீரான வேகத்தில் காரீயமாக (லம்பத்து வெள்ளீயம் அல்ல) மாறிக்கொண்டே இருக்கும். அதன் முக்கிய வகையில் பாதி மாற 446.8 கோடி ஆண்டுகள் ஆகும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரியும். படிவம் இருக்கும் அடுக்குக்கு மேலும் கீழும் அப்படிச் சாம்பல் கிடைத்தால், நடுவில் உள்ளதை அடைத்துப் பிடித்துவிடலாம். பள்ளியில் சொல்லித்தரும் கார்பன் 14 இதற்கு உதவாது. அது 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கவே ஒன்றும் மிஞ்சாது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உயிர்கள் மாறின என்று உங்கள் ஒரு கல் மட்டும் சொல்லாது. நத்தை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, இதில் என்ன மாற்றம் என்றுதான் தோன்றும். நத்தையைச் சுற்றி அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

கம்பார் கடலில் அந்த நத்தைக்குப் பக்கத்தில் அரிசிமணி போன்ற ஃபியூசுலினிட்கள் கோடிக்கணக்கில் இருந்தன. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் முடியும் இடத்தில், அவை இல்லாமல் போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ட்ரைலோபைட் என்ற, ஓடு போர்த்த பழைய கடல் பிராணியின் கடைசி வாரிசுகளும், அந்தக் காலத்துப் பவள வகைகளும் அப்போதே முடிந்தன. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன என்று மதிப்பிடுகிறார்கள். சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து, காற்றில் கரியமில வாயு ஏறி, கடல் சூடாகி ஆக்சிஜன் குறைந்ததுதான் பெரிய காரணம். நத்தைகளில் சில குடும்பங்கள் எப்படியோ பிழைத்தன. அம்மோனைட்டுகளிலும் சில தப்பிப் பெருகி, பின்னால் சாளக்கிராமமாகவும், நம்மில் பலருடைய பூர்வீகமான அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வயல்களில் கிடைக்கும் சுருள் கற்களாகவும் ஆயின. என் தாத்தா அந்தப் பக்கத்துக்காரர். கப்பலேறி வந்தவர், ஒரு சுண்ணாம்புக் கடலடியை விட்டு இன்னொரு சுண்ணாம்புக் கடலடிக்கு வந்திருக்கிறார். அவருக்கு அது தெரியாது. அரியலூர் அம்மோனைட்டின் வம்சமும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போன அதே சமயத்தில் முடிந்தது.

டைனோசர் என்றதும் கேட்பீர்கள்: நம் நாட்டில் உண்டா? உண்டு. பகாங்கில் கிடைத்த ஒரு பல்லை மலாயாப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2014ல் அறிவித்தார்கள். ஸ்பைனோசர் வகை, மீன் தின்னி. ஆனால் கம்பார் நத்தை வாழ்ந்த காலத்தில் டைனோசரே உலகில் கிடையாது. இன்னொன்று, எண்ணெய் நிலையத்தில் நாம் ஊற்றும் பெட்ரோல் டைனோசரிலிருந்து வந்ததல்ல. அது பெரும்பாலும் கடலில் மிதந்த நுண்ணுயிரிகளின் கொழுப்பு. யாரோ கிளப்பிவிட்ட கதை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அழிந்தது புரிகிறது, ஒன்று இன்னொன்றாக மாறியதை யார் பார்த்தார்கள் என்று அடுத்து கேட்பார்கள். இதற்கு நான் எப்போதும் சொல்வது திமிங்கலக் கதை. ஜம்மு காஷ்மீரில் காலாகோட் என்ற இடத்தில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் எலும்பு நிறைந்த கற்களைச் சேகரித்து வைத்திருந்தார். உடைத்துப் பார்த்து முடிக்குமுன் காலமாகிவிட்டார். பல வருடம் கழித்து அவருடைய மனைவி அந்தக் கற்களை ஹான்ஸ் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோடு கை தவறி உடைந்தது. உடைந்த இடத்தில் காது எலும்பு தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் தடித்த அந்த வடிவம் திமிங்கலக் குடும்பத்துக்கே உரிய அடையாளம். ஆனால் இந்த விலங்குக்கு நான்கு கால், குளம்பு, உடம்பு நம் சருகுமான் அளவு. 2007ல் வெளியான இந்த ஆய்வில் அதன் பெயர் இந்தோஹையஸ், வயது ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டு. கால் எலும்பின் சுவர் நீர்யானைக்கு இருப்பதுபோல் தடிமன், தண்ணீரில் மிதந்துவிடாமல் நடக்க உதவும். இன்றும் ஆப்பிரிக்காவில் ஒரு சருகுமான் வகை, ஆபத்து வந்தால் ஆற்றுக்குள் குதித்து மூழ்கி ஒளிந்துகொள்கிறது. கஞ்சில் என்ற சருகுமானின் மலாய்க் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? இந்தோஹையஸ் திமிங்கலத்தின் நேர் பாட்டன் அல்ல, பங்காளி. அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ் போன்ற, நான்கு காலில் நடந்த ஆதித் திமிங்கலங்களை அதன் பக்கத்தில் வைத்தால்தான் கரையிலிருந்து கடலுக்குப் போன வழி தெரியும்.

நம் பேராக்குக்கே திரும்புவோம். கருங்கல்லின் சூடு பழைய கடல் படிவங்களை அழித்தாலும், சுண்ணாம்புக் குகைகள் பின்னால் வேறொரு சேமிப்பறை ஆயின. ஈப்போவுக்கு அருகில் ஈயம் எடுத்த ஒரு குகையில் நீர்யானை எலும்பும், இன்று இல்லாத ஒரு பெரிய யானை இனத்தின் எச்சமும் கிடைத்ததை ஹூயெர் என்ற டச்சு அறிஞர் 1962ல் எழுதினார். கின்தா ஆற்றில் நீர்யானை! கோப்பெங் பக்கத்துக் குகையில் ஸ்டெகோடான் என்ற, யானைக்கு உறவான விலங்கின் பல் கிடைத்திருக்கிறது. பத்துமலையில்? தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து ஏறுகிறோமே, அதே மலையின் குகைகளில் ஒராங் ஊத்தானின் பற்கள் கிடைத்ததாக 2013ல் ஆய்வு வெளியானது. இன்று ஒராங் ஊத்தான் காட்டில் வாழ்வது போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டும்தான். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ, நம் தீபகற்பம் எல்லாம் ஒரே தரை. விலங்குகள் நடந்தே போய் வந்தன.

இன்னும் அருகில் லெங்கோங். அங்கே குனோங் ருந்துக் குகையில் 1991ல் கிடைத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டுக்கு 10,000 ஆண்டுக்கு மேல் வயது. அவரோடு புதைத்திருந்தவற்றில் நிறைய ஆற்று நத்தைக் கூடுகள். சந்தையில் விற்கும், தேங்காய்ப் பாலில் சமைத்து வாயால் உறிஞ்சித் தின்னும் 'சிப்புட் செடுட்' இருக்கிறதே, அதுதான் நினைவுக்கு வரும். கம்பார் கடல் நத்தை இந்த ஆற்று நத்தையின் நேர் முன்னோர் என்று நினைத்துவிட வேண்டாம். நத்தை என்பது ஒரு பெரிய சாதி சனம். கிளைகள் ஆயிரக்கணக்கில் தோன்றி, பாதிக்கு மேல் பட்டுப்போன மரம் அது. இன்றும் கிளை முளைக்கிறது. செம்மோர் பக்கத்து குனோங் கந்தானில் மட்டும் வாழும், மிளகைவிடச் சிறிய ஒரு நத்தை இனத்தை 2014ல்தான் விவரித்தார்கள். அப்போது அந்த மலையை வெட்டிக்கொண்டிருந்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கேலியா மரியாதையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கல்லை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சாமி மேடையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு அங்கே கேடு எதுவும் வராது. எலுமிச்சைச் சாறு, வினிகர் மட்டும் ஊற்றித் தேய்க்காதீர்கள். சுண்ணாம்புக்கல் பொங்கிக் கரைந்துவிடும். என்னைப் பொறுத்தவரை கல்லைவிட அது கிடந்த இடம்தான் பெரிது. எந்தக் குட்டை, எந்தப் பக்கத்துக் கரை, தானாகக் கிடந்ததா இல்லை பாறையில் பதிந்திருந்ததா என்று மாமாவிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். இடம் தெரியாத படிவம் முகவரி இல்லாத கடிதம். அங்கே நீங்களே இறங்கித் தேட வேண்டாம், லம்பத்துக் குட்டைகளின் கரை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது; எங்கள் காலத்திலேயே பிள்ளைகளைப் பலி வாங்கியிருக்கிறது. ஈப்போவில் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது, பள்ளி விடுமுறையில் கல்லை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அதற்கு முன் இன்னொரு படம் அனுப்புங்கள், சுருளின் பக்கவாட்டில் இருந்து, வெயிலில் வைத்து. அளவு தெரிய பக்கத்தில் ஒரு 20 சென் காசு வையுங்கள். முதல் படத்தில் பாட்டியின் குங்குமச் சிமிழ்தான் தெரிகிறது.